இணைப்பு வராத கோப்பு: குதிப்புப் பயிற்சியின் கதை



பிரெஞ்சில் ‘தேதாந்த்’ என்று ஒரு சொல் உண்டு. துப்பாக்கியின் விசைக்கு அந்தப் பெயர். இழுத்துப் பிடித்த ஒன்று சட்டென்று விடுபடுவதற்கும் அதே பெயர். 1970-களில் செய்தித்தாள் படித்தவர்களுக்கு இன்னொரு பொருளும் ஞாபகம் இருக்கும். நிக்சனும் பிரெஷ்னெவும் கைகுலுக்கிய அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இடையே இறுக்கம் தளர்ந்ததை உலகம் முழுக்க இந்தப் பிரெஞ்சுச் சொல்லால்தான் குறிப்பிட்டார்கள். பிரெஞ்சு விளையாட்டுப் பக்கங்களில் இதற்கு நான்காவது பொருள் ஒன்றும் இருக்கிறது. ஒருவன் தரையிலிருந்து எவ்வளவு உயரம் எம்புவான் என்பதுதான் அவனுடைய ‘தேதாந்த்’. ஓடி வராமல் நின்ற இடத்திலேயே எம்பினால் அது ‘தேதாந்த் செஷ்’, அதாவது ‘வெறும் எம்பல்’.

இன்றைக்குப் பயிற்சியாளர்கள் ‘எக்ஸ்ப்ளோசிவ் பவர்’ என்று சொல்வது இதைத்தான். தமிழில் வெடிப்பாற்றல் என்று எழுதுகிறார்கள். இப்போது எந்த மைதானத்துக்குப் போனாலும் பிள்ளைகள் மரப்பெட்டி மேல் ஏறிக் குதிப்பதையும், தரையில் விரித்த ஏணிக்குள் காலை மாற்றி மாற்றி வைத்து ஓடுவதையும் பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் பதினான்கு வயதுப் பையனை நூறு, இருநூறு முறை பெட்டியிலிருந்து குதிக்கவைத்து, மூன்று மாதத்தில் முழங்காலில் கட்டுப்போட்டு உட்காரவைப்பதையும் பார்க்கிறோம். கேட்டால் “ரஷ்யக்காரன் முறை, சார்” என்கிறார்கள்.

அந்த ரஷ்யக்காரர் உண்மையில் என்ன சொன்னார்? அவருக்கு முன்னால் யார் என்ன கண்டுபிடித்தார்கள்? முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு உத்தரவு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எது காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும். கடிதம் போய்ச் சேர்ந்துவிடும், இணைப்பு மட்டும் வழியில் எங்கோ நின்றுவிடும். குதிப்புப் பயிற்சியின் வரலாற்றிலும் நடந்தது அதுதான்.

நின்ற இடத்திலிருந்து மூன்று தங்கம்

1900-ல் பாரிஸில் இரண்டாவது ஒலிம்பிக். தடகளப் போட்டிகள் புவா த பூலோஞ் காட்டில் ஒரு புல்வெளியில் நடந்தன. முறையான ஓடுபாதை கூடக் கிடையாது. அங்கே ஜூலை 16-ஆம் தேதி ஒரே நாளில் மூன்று தங்கம் வாங்கினார் ரே எவ்ரி என்ற அமெரிக்கர். நின்றபடி உயரம் தாண்டுதல், நின்றபடி நீளம் தாண்டுதல், நின்றபடி மும்முறைத் தாண்டுதல். ஓடி வரக் கூடாது. இரண்டு காலையும் ஊன்றி நின்று அப்படியே எம்ப வேண்டும். உயரத்தில் அவர் தாண்டியது 1.65 மீட்டர். நம்மில் பலருடைய முழு உயரமே அவ்வளவுதான்.

எவ்ரி 1873-ல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். கால்கள் விளங்காமலே போய்விடும் என்ற பயம் இருந்தது. விடாமல் கால் பயிற்சி செய்தார், குதித்துக் குதித்தே காலை மீட்டார். பிறகு பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். 1904-ல் செயின்ட் லூயிஸில் மறுபடியும் மூன்று தங்கம், 1908-ல் லண்டனில் இரண்டு. ஆக எட்டு. நின்றபடி நீளம் தாண்டுதலில் 1904-ல் அவர் தாண்டியது 3.47 மீட்டர். 1912-க்குப் பிறகு இந்தப் போட்டிகளையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியது, வேகமும் எம்பும் சக்தியும் பிறவியிலேயே வருவது என்று. பிறவிக் கொடை இருப்பது உண்மைதான். ஆனால் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்த ஒருவர் உலகத்திலேயே அதிகம் எம்புகிறவராக ஆனபோது, பயிற்சிக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. எப்படி நடந்தது என்பதுதான் தெரியவில்லை.

மரேயின் மேடை

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்விக்கு விடையின் பாதி, எவ்ரி குதித்த அதே புவா த பூலோஞ் பக்கத்தில் பதினைந்து வருஷம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது.

எத்தியென்-ழூல் மரே என்று ஒரு மருத்துவர். பூர்கோஞ் பகுதியில் போன் என்ற ஊரில் 1830-ல் பிறந்தவர். நாடித் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவி செய்தவர். பறவை எப்படிப் பறக்கிறது, குதிரை எப்படி ஓடுகிறது என்று வாழ்க்கை முழுக்க அசைவையே ஆராய்ந்தவர். 1882-ல் பாரிஸின் ஓரத்தில், புவா த பூலோஞ் பக்கத்தில், அரசு உதவியோடு ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அங்கே அவருக்கு உதவியாளர் ழோர்ழ் தெமெனி. இவர் உடற்பயிற்சி ஆசிரியர்.

இருவரும் ஓர் ஆளுக்குக் கறுப்பு உடை மாட்டி, கை கால் நெடுக வெள்ளைப் பட்டை ஒட்டி, கறுப்புப் பின்னணியில் ஓடவிட்டு, ஒரே தகட்டில் பல படங்கள் விழும்படி எடுத்தார்கள். ஆள் தெரியமாட்டான், வெள்ளைக் கோடுகள் மட்டும் விசிறி மாதிரி விரிந்து தெரியும். சினிமாவுக்கே இது ஒரு தாய்வழி. இதோடு, தரையில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று பதிவு செய்யும் ஒரு மேடையும் செய்தார்கள். அழுத்தம் குழாய்களின் வழியே போய் ஒரு ஊசியை அசைத்துக் கோடு போடும். இன்றைய விளையாட்டு ஆய்வுக்கூடங்களில் இருக்கும் ‘ஃபோர்ஸ் பிளேட்’டின் பாட்டன் அது.

1885-ல் மரேயும் தெமெனியும் குதிப்பைப் பற்றி பாரிஸ் அறிவியல் அகாதெமிக்கு ஒரு குறிப்பு கொடுத்தார்கள். அதில் முக்கியமான செய்தி இது: ஒருவன் ஒரு முறை குதித்து இறங்கி, தாமதிக்காமல் அப்படியே மறுபடி எம்பினால், சும்மா நின்று எம்புவதைவிட அதிக உயரம் போகிறான். இறங்கும்போது தசை இழுபடுகிறது. இழுபட்ட தசை உடனே சுருங்கினால் அதன் பலம் கூடுகிறது.

இன்று உலகம் முழுக்க நடக்கும் வெடிப்பாற்றல் பயிற்சிக்கு அடிப்படை இந்த ஒரு கவனிப்புதான். ஆனால் அன்று அதை யாரும் பயிற்சியாக மாற்றவில்லை. அகாதெமியின் தொகுதிகளில் அது தூங்கியது.

கால் தரையில் இருக்கும் நேரம்

கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஸ்ட்ரைக்கரை விரலால் தள்ளினால் மெதுவாகப் போகும். விரலைக் கட்டைவிரலில் மாட்டி இறுக்கிச் சுண்டினால் பறக்கும். விரல் ஒன்றுதான், பலமும் ஒன்றுதான். முன்கூட்டி ஏற்றிய இறுக்கம்தான் வித்தியாசம். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கிறது. இறங்கும்போது ரப்பர் மாதிரி இழுபட்டு, எழும்பும்போது வாங்கியதைத் திருப்பித் தருகிறது. ஆனால் உடனே கேட்டால்தான் தரும். இறங்கிய இடத்தில் இரண்டு மூன்று விநாடி நின்றுவிட்டால் அந்தச் சக்தி சூடாகக் கரைந்து போய்விடும். மரே கண்டதை 1960-களில் இத்தாலியின் ஜியோவான்னி கவாஞ்ஞா குழுவினர் தனித் தசையிலேயே அளந்து உறுதி செய்தார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு தசை தன் முழு பலத்தையும் காட்ட விநாடியில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். வேக ஓட்டக்காரன் பாய்ந்து ஓடும்போது அவன் கால் தரையில் இருப்பதோ விநாடியில் பத்தில் ஒரு பங்குதான், சில சமயம் அதற்கும் குறைவு. அதாவது முழு பலத்தையும் காட்ட அவனுக்கு நேரமே கிடையாது. அதனால்தான் மூட்டை தூக்கும் பலசாலி ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பதில்லை. எவ்வளவு பலம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் பலம் என்பதே கேள்வி. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நம் பி.டி. உஷா விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததை நினைத்துப் பாருங்கள். 55.42-க்கும் 55.41-க்கும் உள்ள தூரம் அது.

எபேரின் பன்னிரண்டு சோதனைகள்

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்தக் கதையில் ழோர்ழ் எபேரைத் தாண்டிப்போக எனக்கு மனம் வராது. 1875-ல் பாரிஸில் பிறந்த கடற்படை அதிகாரி. 1902-ல் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து செயின்ட் பியேர் நகரமே அழிந்தபோது, மீட்புக்குப் போன சுஷே கப்பலில் இருந்தவர். ஆபத்து வரும்போது ஓடவும் தாண்டவும் ஏறவும் தூக்கவும் தெரியாத உடம்பால் யாருக்கும் பயனில்லை என்பதுதான் அவர் வாழ்நாள் கொள்கை. ‘பயன்பட வேண்டும், அதற்காகப் பலமாக இரு’ என்பதுதான் அவருடைய வாசகத்தின் கருத்து.

அந்நாளில் ஐரோப்பாவில் ஸ்வீடன் முறை உடற்பயிற்சி கோலோச்சியது. வரிசையில் நின்று கட்டளைக்குக் கை கால் நீட்டி மடக்குவது. நாமும் பள்ளியில் செய்த ‘டிரில்’ அதன் தூரத்துச் சொந்தம்தான். இந்த விறைப்பான முறை இயற்கையான அசைவுக்கு விரோதம் என்று தெமெனி ஏற்கெனவே எதிர்த்துவந்தார். எபேர் அவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். லோரியான் துறைமுகத்தில் கடற்படை வீரர்களை நடக்கவும் ஓடவும் குதிக்கவும் ஏறவும் எறியவும் நீந்தவும் வைத்து, தடைகள் நிறைந்த பாதையில் பழக்கினார். சுறுசுறுப்பு என்று இன்று தனிப் பாடமாகச் சொல்வது அவருக்கு அந்தப் பாதையிலேயே அடங்கிவிட்டது.

1911-ல் அவர் எழுதிய ‘பலத்தின் சட்டம்’ என்ற நூலில் ஒரு மனிதனை அளக்கப் பன்னிரண்டு சோதனைகள் உண்டு. 100, 500, 1500 மீட்டர் ஓட்டம். உயரமும் நீளமும், நின்ற இடத்திலிருந்து ஒரு முறை, ஓடி வந்து ஒரு முறை. கயிறு ஏறுதல், குண்டு எறிதல், 40 கிலோ தூக்குதல், 100 மீட்டர் நீச்சல், நீருக்குள் மூழ்கியிருத்தல். பன்னிரண்டில் நான்கு குதிப்பு. அதில் இரண்டு எவ்ரியின் வெறும் எம்பல்.

அவர் பாடத்தில் மேலிருந்து கீழே குதிப்பதும் இருந்தது. அவர் அதைக் கற்றுக்கொடுத்தது பலம் ஏற்றுவதற்காக அல்ல, பத்திரமாக இறங்குவதற்காக. தாழ்வான இடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் கூட்டவேண்டும். முழங்கால் மடங்க வேண்டும், பாதம் சத்தம் போடாமல் ஊன்ற வேண்டும். முதலில் இறங்கக் கற்றுக்கொள், பிறகு ஏறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பிரான்சின் நிலைமை சுமார். 5000 மீட்டரில் ழான் பூயேன் பின்லாந்தின் கொலேமைனனிடம் விநாடியில் பத்தில் ஒரு பங்கில் தோற்றார். அடுத்த வருஷமே ரேன்ஸ் நகரில் பொம்மெரி ஷாம்பேன் நிறுவனத்தின் மெல்கியோர் த பொலிஞாக் பிரபு பணம் கொடுக்க, ‘வீரர்கள் கல்லூரி’ தொடங்கி எபேர் பொறுப்பேற்றார். ஒரு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. 1914-ல் போர் வந்தது. ரேன்ஸ் குண்டுகளில் சிதைந்தது, கல்லூரியும் போயிற்று. எபேர் பெல்ஜியத்து டிக்ஸ்முய்ட் பகுதியில் காயப்பட்டார். பூயேன் போர் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் களத்தில் இறந்தார். வேகமும் எம்பலும் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு பள்ளி இப்படி முடிந்தது.

மாஸ்கோவின் பனிக்காலம்

இனி நாற்பது ஆண்டு தள்ளி மாஸ்கோவுக்குப் போவோம். 1950-களின் கடைசி. அங்கே ஒரு கல்வி நிலையத்தில் தாண்டுதல் வீரர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தார் யூரி வெர்கோஷான்ஸ்கி. 1928-ல் பிறந்தவர். மாஸ்கோவில் பனிக்காலம் வந்தால் மைதானம் கிடையாது. கிடைத்த இடுக்கில், கூரையின் கீழே, பார்பெல் எடையை வைத்துப் பயிற்சி நடந்தது.

மும்முறைத் தாண்டுதலில் ஒரு கால் தரையில் படும் அந்தக் கணத்தில் உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு சுமை காலில் விழுகிறது என்பதை அவர் கவனித்தார். அதே சுமையைத் தோளில் எடையாக ஏற்றினால் முதுகு போய்விடும். அப்படியானால் சுமையை எப்படிக் கொடுப்பது? வீரனையே உயரத்திலிருந்து விழவிட்டால்? விழும் உடம்பின் வேகமே சுமை. தரையைத் தொட்ட கணத்தில் அவன் மேலே எம்ப வேண்டும்.

எபேர் பத்திரத்துக்காகக் கற்றுக்கொடுத்த இறக்கம் இப்போது ஆற்றல் ஏற்றும் கருவியாயிற்று. மரே மேடையில் கண்ட இரண்டாவது குதிப்பு முறையான பயிற்சியாயிற்று. ‘அதிர்ச்சி முறை’ என்று பெயர் வைத்தார். 1960-களில் கட்டுரைகளும், 1970-ல் சிறப்புப் பலப் பயிற்சி பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இப்போது அந்த இணைப்புக்கு வருவோம். அவருடைய கட்டுரைகளில் பயிற்சியோடு நிபந்தனைகளும் இருந்தன:

ஒன்று, முதலில் பலப் பயிற்சி. கால்கள் எடைப் பயிற்சியிலும் சாதாரணக் குதிப்புகளிலும் நன்றாகத் தேறிய பிறகே இது. வளரும் பிள்ளைகளுக்கானது அல்ல.

இரண்டு, பெட்டியிலிருந்து குதிக்கக் கூடாது. ஒரு காலை முன்னே வைத்து அப்படியே இறங்க வேண்டும். இரண்டு பாதமும் சேர்ந்து தரையைத் தொட்டவுடன் எம்ப வேண்டும்.

மூன்று, தேர்ந்த வீரர்களுக்கே உயரம் 75 சென்டிமீட்டரிலிருந்து 110 வரை. அதற்கு மேல் போனால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், பயன் போய்விடும்.

நான்கு, ஒரு நாளைக்கு மிஞ்சினால் 40 முறை. பத்துப் பத்தாக நான்கு தடவை, நடுவில் தளர்வான ஓட்டமும் ஓய்வும்.

ஐந்து, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். போட்டிக்குப் பத்து நாள் முன்னதாக நிறுத்திவிட வேண்டும்.

இது தேசிய அளவில் தாண்டும் வளர்ந்த ஆண்களுக்கு எழுதிய அளவு என்பதைக் கவனியுங்கள். மருந்துச் சீட்டு மாதிரி, மருந்தின் பெயரோடு வேளையும் அளவும் எழுதியிருக்கிறார்.

மியூனிக்கும் பிறகும்

1972 மியூனிக் ஒலிம்பிக். 100 மீட்டரில் 10.14 விநாடி, 200 மீட்டரில் 20.00. இரண்டு தங்கமும் உக்ரைனைச் சேர்ந்த வலேரி போர்சோவுக்கு. வேக ஓட்டம் தங்கள் சொத்து என்று அமெரிக்கர்கள் நினைத்திருந்த காலம். அவர்களுடைய இரண்டு முக்கிய வீரர்கள், எடி ஹார்ட்டும் ரே ராபின்சனும், தவறான நேர அட்டவணையை நம்பிக் கால் இறுதிக்கு வராமலே வெளியேறினார்கள் என்பது வேறு கதை. மேற்கத்திய பத்திரிகைகள் போர்சோவை ஆய்வுக்கூடத்தில் செய்த இயந்திரம் என்று எழுதின. உண்மையில் அது கீவ் நகரில் பெத்ரோவ்ஸ்கி என்ற பயிற்சியாளர் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்த வேலை.

அதே 1972-ல்தான் நிக்சன் மாஸ்கோவுக்குப் போனார். அரசியலில் ஒரு தேதாந்த், ஓடுபாதையில் இன்னொரு தேதாந்த்! சோவியத்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்ற ஆவல் அமெரிக்கப் பயிற்சியாளர்களைப் பிடித்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் பிரெட் வில்ட். 1948, 1952 ஒலிம்பிக்குகளில் 10,000 மீட்டர் ஓடியவர், தொழிலில் எஃப்.பி.ஐ. அதிகாரி. ரஷ்ய ரகசியத்தைக் கண்டுபிடிக்கப் பொருத்தமான ஆள்தான்! 1975-ல் இந்தக் குதிப்புப் பயிற்சிகளுக்கெல்லாம் சேர்த்து ‘பிளையோமெட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தவர் அவர். கிரேக்க வேரில் ‘அதிகம்’, ‘அளவு’ என்று இரண்டு சொற்கள். பின்னாளில் வில்ட் பயிற்சியாளராக இருந்தது பர்டூ பல்கலைக்கழகத்தில். ரே எவ்ரி படித்த அதே பர்டூ.

பெயர் கிடைத்ததும் முறை காட்டுத்தீயாகப் பரவியது. கூடைப்பந்து, கைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, பிறகு கிரிக்கெட், பூப்பந்து என்று எல்லாவற்றிலும் நுழைந்தது. ஒற்றைக்காலில் துள்ளுவது, கயிறு தாண்டுவது, பெட்டி ஏறுவது எல்லாம் ஒரே பெயருக்குள் வந்தன. மைக்கேல் யெஸ்ஸிஸ் என்ற அமெரிக்கர் 1966-லிருந்தே சோவியத் கட்டுரைகளை மொழிபெயர்த்து ஒரு இதழில் வெளியிட்டுவந்தார். அளவும் நிபந்தனையும் அவற்றில் இருந்தன. ஆனால் பெயர் போன வேகத்தில் நிபந்தனை போகவில்லை. ‘பெட்டியிலிருந்து இறங்கி எம்பு’ என்ற கடிதம் எல்லா மைதானத்துக்கும் கிடைத்தது. ‘நாற்பதுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள், முதலில் பலம்’ என்ற இணைப்பு வழியில் நின்றுவிட்டது. சாதாரணத் துள்ளலையும் தன் அதிர்ச்சி முறையையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்கள் என்பது வெர்கோஷான்ஸ்கிக்கே கடைசி வரை இருந்த குறை. 2010-ல் ரோம் நகரில் காலமானார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கிழக்கு ஐரோப்பிய வெற்றிகளுக்கெல்லாம் குதிப்புப் பெட்டிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிழக்கு ஜெர்மனியில் அரசே வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்தது பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணங்களோடு வெளிவந்தது. வெற்றியைப் பார்த்துப் பயிற்சியைக் காப்பியடித்தவர்கள், அந்த வெற்றியில் வேறு என்னென்ன கலந்திருந்தது என்று கேட்கவில்லை.

முழங்காலின் சாட்சி

வில்ட் பெயர் வைப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1973-ல், அமெரிக்க மருத்துவர்கள் இன்னொரு பெயர் வைத்திருந்தார்கள். ‘ஜம்பர்ஸ் நீ’, அதாவது குதிப்பவர் முழங்கால். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் மீண்டும் மீண்டும் அடிபட்டு நைந்துபோவது. கைப்பந்து, கூடைப்பந்து ஆடுகிறவர்களிடம் இது அதிகம். தசை சில வாரத்தில் பலப்படும். தசைநாணுக்கு மாதக்கணக்காகும், அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. பையன் நன்றாக எம்ப ஆரம்பித்துவிட்டான் என்று பயிற்சியாளர் சந்தோஷப்படும் நேரத்தில்தான் தசைநாண் பின்தங்கி நிற்கிறது. நாற்பது முறை, இரண்டு நாள் என்ற வரம்புக்கு அர்த்தம் இங்கேதான் புரிகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1990-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பெண் விளையாட்டு வீரர்களுக்கு ஆறு வாரம் குதிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முக்கியப் பாடம் இறங்குவது எப்படி என்பதுதான். முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது, மெத்தென்று இறங்க வேண்டும். பயிற்சி பெற்றவர்களுக்குப் பெறாதவர்களைவிட முழங்கால் காயம் குறைந்தது. அதே குதிப்பு, இணைப்போடு வந்தபோது முழங்காலைக் காப்பாற்றியது. எபேர் மாலுமிகளுக்குச் சொன்னதும் வேறில்லை.

நமக்கும் ஒரு பங்கு உண்டு

‘இந்த வயதில் நமக்கு எதற்கு இந்த எம்பல் கதை’ என்று நீங்கள் கேட்கலாம். வயதாக ஆக உடம்பு முதலில் இழப்பது பலத்தை அல்ல, வேகமான பலத்தை. வேகமாகச் சுருங்கும் தசை நார்கள்தான் முதலில் மெலிகின்றன. வாசற்படியில் கால் இடறும்போது இன்னொரு காலைச் சட்டென்று முன்னே வைத்துச் சமாளிக்க முடிகிறதா என்பது அந்த நார்களின் கையில் இருக்கிறது. நாம் பெட்டியிலிருந்து குதிக்க வேண்டியதில்லை, கூடவும் கூடாது. மருத்துவர் சம்மதித்தால், கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியிலிருந்து கொஞ்சம் விரைவாக எழுவதும், மெதுவாக உட்காருவதும் போதும். நமக்கு மிச்சமிருக்கும் தேதாந்த் அவ்வளவுதான். அதைக் காப்பாற்றிக்கொள்வோம்.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் நம்மால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. பையனோ பெண்ணோ ‘ஸ்பீடு டிரெயினிங்’ என்று ஒரு பட்டியலோடு வீட்டுக்கு வந்தால் பயப்படவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இறங்குவதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை முறை? வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு? மூன்றுக்கும் பதில் சொல்கிற பயிற்சியாளர் இணைப்பையும் படித்தவர், அவரிடம் பிள்ளையை நம்பி அனுப்பலாம். பதில் இல்லையென்றால் நேரில் போய்ப் பணிவாகக் கேட்டு வாங்குங்கள்.